வயிற்றில் இருக்கும் கிருமி மூளையை ஆட்டி வைக்குமா?

நள்ளிரவு 2 மணி. தாராவியில் ஒரு சிறிய அறை. நாலு பேர் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். தலைமாட்டில் இருந்த போன் அலறுகிறது. ஊரிலிருந்து அழைப்பு!

இந்த நேரத்தில் ஊரிலிருந்து ஏன் போன்? எடுப்பதற்குள் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

"ஒண்ணும் பயப்படாதேப்பா. தங்கச்சிக்கு ஆம்பளைப் பிள்ளை பிறந்திருக்கு. தாயும் பிள்ளையும் சுகம்."

அப்பாடா! வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்கிறது.

பயந்தது மனம். ஆனால் புளி கரைந்தது வயிற்றில். மகிழ்ந்ததும் மனம். பால் வார்த்ததோ வயிற்றில்! நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மனதுக்கும் வயிற்றுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதை அனுபவத்தில் கண்டு சொன்னார்கள்.

அந்தத் தொடர்பு என்ன என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள். அதில் ஒரு புதிய ஆச்சரியம் சேர்ந்திருக்கிறது. மனதுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. அதுதான் நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக் கூட்டம்!

வயிற்றில் ஜன்னல்

இந்தக் கதை ஒரு கூலித் தொழிலாளியிடம் தொடங்குகிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர் அவர்.

அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பது அவர் பெயர். கனடா நாட்டுக்காரர். தோல் வியாபாரக் கம்பெனிக்குப் படகில் சரக்கு ஏற்றிச் செல்வது அவருடைய வேலை. 1822-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி, அமெரிக்காவில் மெக்கினா என்ற தீவில், கம்பெனிக் கடையில் நின்றுகொண்டிருந்தார். யாரோ வைத்திருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. குண்டு இவருடைய இடது விலாவுக்குக் கீழே பாய்ந்தது.

அங்கிருந்த ராணுவ டாக்டர் வில்லியம் பியூமாண்ட் ஓடி வந்தார். "இவர் பிழைக்க மாட்டார்" என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் மார்ட்டின் பிழைத்துக்கொண்டார். புண் ஆறியது. ஆனால் வயிற்றில் விழுந்த ஓட்டை மட்டும் மூடவே இல்லை! அதன் வழியாக இரைப்பையின் உள்ளே பார்க்கலாம்.

டாக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. பட்டு நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி ஓட்டை வழியாக உள்ளே விட்டார். சில மணி நேரம் கழித்து வெளியே இழுத்துப் பார்த்தார். எவ்வளவு செரித்திருக்கிறது என்று எழுதி வைத்தார். இப்படிப் பல ஆண்டுகள், நூற்றுக்கணக்கான சோதனைகள். 1833-ல் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார்.

அந்தச் சோதனைகளில் அவர் கண்ட ஒரு விஷயம்தான் நமக்கு முக்கியம். மார்ட்டின் கோபமாக இருக்கும் நாட்களில், சாப்பாடு சரியாகச் செரிக்கவில்லை!

ஊரை விட்டு வந்த ஒரு மனிதர். வயிற்றில் ஓட்டை. சோதனை மேல் சோதனை. அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? இடையிடையே ஊருக்கே போய்விட்டார். ஆனாலும் அந்த ஓட்டையுடனேயே கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1880 வரை வாழ்ந்தார்.

மனம் கெட்டால் வயிறு கெடும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. வயிறு கெட்டால் மனம் கெடுமா? இதற்குப் பதில் தேட நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

38 லட்சம் கோடி!

நம் உடம்பில் எத்தனை பாக்டீரியாக்கள் இருக்கின்றன தெரியுமா?

70 கிலோ எடை உள்ள ஒருவர் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி! 2016-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்ன எண்ணிக்கை இது. அவருடைய சொந்த உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடிதான். வீட்டுக்காரரை விடக் குடியிருப்பவர்கள் அதிகம்! ஆனால் பாக்டீரியா மிகவும் சிறியது. அத்தனையையும் சேர்த்து எடை போட்டாலும் 200 கிராம்தான் வரும். இவற்றில் பெரும் பகுதி பெருங்குடலில் இருக்கிறது.

"கிருமியா? ஐயையோ!" என்று பயப்பட வேண்டாம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை நமக்கு வேண்டியவை. கீரையிலும் பயறிலும் உள்ள நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. அதைத் தின்று வாழ்பவை இந்தப் பாக்டீரியாக்கள். தின்றுவிட்டுச் சில அமிலங்களை வாடகைபோல் கொடுக்கின்றன. பெருங்குடலின் உட்சுவருக்கு அதுதான் முக்கிய உணவு. சில வைட்டமின்களையும் அவை தயாரிக்கின்றன. கெட்ட கிருமி உள்ளே வந்தால் இடம் கொடுக்காமல் விரட்டுகின்றன.

இப்படி நல்ல கிருமியும் உண்டு என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த விஞ்ஞானி மெச்னிகாப். பாரீஸ் நகரில் பாஸ்டர் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்தவர். 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரியா நாட்டு விவசாயிகள் நீண்ட நாள் வாழ்வதற்கு அவர்கள் சாப்பிடும் புளித்த பால்தான் காரணம் என்று அவர் நம்பினார். அவரும் தினமும் அதைச் சாப்பிட்டு வந்தார். ஆயுள் கூடும் என்ற அவர் நம்பிக்கை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் குடலில் உள்ள கிருமிகளைக் கவனிக்க வேண்டும் என்று அவர் சொன்னது வீண் போகவில்லை.

வயிற்றிலும் ஒரு மூளை

மூளையில்தான் நரம்பு அணுக்கள் இருக்கின்றன என்று நினைக்கிறோம். உணவுக்குழாயில் தொடங்கி ஆசனவாய் வரை, குடலின் சுவர் முழுவதும் நரம்பு அணுக்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. 10 கோடிக்கு மேல் இருக்கும். மூளையின் உத்தரவு இல்லாமலே குடலைச் சுருக்கி விரித்து வேலை வாங்கும் திறமை அதற்கு உண்டு. அதனால் அதற்கு "இரண்டாவது மூளை" என்றே பட்டப்பெயர்.

தலையில் உள்ள மூளையையும் வயிற்றையும் இணைப்பது "வேகஸ்" என்ற நீண்ட நரம்பு. மூளை உத்தரவு போடும், வயிறு கேட்கும் என்றுதானே நினைப்போம்? நடப்பது வேறு! இந்த நரம்பில் உள்ள இழைகளில் 100-க்கு 80, கீழே இருந்து மேலே செய்தி கொண்டு போகின்றன. அதாவது மூளை பேசுவதை விட, வயிறு பேசி மூளை கேட்பதுதான் அதிகம்.

மனநிலையோடு தொடர்புள்ளது "செரோடோனின்" என்ற ரசாயனம். நம் உடம்பில் உள்ள செரோடோனினில் 100-க்கு 90 பங்கு குடலில்தான் உற்பத்தி ஆகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடலில் உண்டாகும் செரோடோனின் நேராக மூளைக்குள் போவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. "இதைச் சாப்பிட்டால் செரோடோனின் கூடும், கவலை பறக்கும்" என்று யாராவது டப்பா விற்றால் ஏமாற வேண்டாம்!

சுண்டெலி சொன்ன சாட்சி

2004-ல் ஜப்பானில் உள்ள கியூஷு பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. உடம்பில் ஒரு கிருமிகூட இல்லாமல் சுண்டெலிகளை வளர்த்தார்கள். அவற்றையும் சாதாரணச் சுண்டெலிகளையும் சிறு குழாயில் அடைத்துப் பயமுறுத்தினார்கள். கிருமி இல்லாத எலிகளின் ரத்தத்தில், பதற்றத்தின்போது சுரக்கும் ஹார்மோன் மிக அதிகமாக ஏறியது. குட்டிப் பருவத்திலேயே ஒரு வகை நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தபோது அந்தப் பதற்றம் அடங்கியது. வளர்ந்த பிறகு கிருமிகளைக் கொடுத்தும் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

2011-ல் அயர்லாந்து, கனடா விஞ்ஞானிகள் இன்னொரு சோதனை செய்தார்கள். ஒரு வகை பாக்டீரியாவைத் தின்ற சுண்டெலிகளுக்குப் பயம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை! செய்தி எந்தக் கம்பி வழியாகப் போகிறது என்பது தெரிந்துவிட்டது.

பிறகு அதே பாக்டீரியாவை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை! 2017-ல் அந்த முடிவு வெளியாயிற்று. எலிக்கு வேலை செய்தது மனிதனுக்கு வேலை செய்யவில்லை. ஆகவே, கவலையைப் போக்கும் பாக்டீரியா மாத்திரை வந்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது.

அது குடிபோதை அல்ல!

மனிதரிடம் சந்தேகத்துக்கே இடமில்லாத உதாரணம் ஒன்று இருக்கிறது. அறையில் சேர்ந்து தங்கியிருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் உயிரைக் காப்பாற்ற உதவும்.

குடலில் உள்ள பாக்டீரியாக்கள் புரதச் சத்தைச் சிதைக்கும்போது அமோனியா உண்டாகிறது. இது நச்சு. ஆனால் கவலை இல்லை. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. கல்லீரல் அமோனியாவைப் பிடித்து, யூரியாவாக மாற்றி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது.

கல்லீரல் கெட்டுச் சுருங்கிப் போனால்? வாசலில் காவல்காரன் இல்லாத வீடு மாதிரிதான்! அமோனியாவும் மற்ற நச்சுகளும் நேராக மூளைக்குப் போகும்.

அப்போது மனிதரே மாறிப் போவார். பகலெல்லாம் தூங்குவார், இரவெல்லாம் விழித்திருப்பார். சின்னக் கணக்கு வராது. கையெழுத்து கோணும். சம்பந்தம் இல்லாமல் பேசுவார். சாதுவானவர் கோபக்காரர் ஆவார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னால், பறவை சிறகடிப்பதுபோல் மணிக்கட்டு அடித்துக்கொள்ளும். கடைசியில் நினைவு தப்பும்.

கூட இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "நேற்று ராத்திரி ஏற்றியது இன்னும் இறங்கவில்லை" என்பார்கள். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். வேறு சிலர் "காற்று, கருப்பு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள்.

கல்லீரல் கெடுவதற்குக் குடி ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவருக்கும் இது வரலாம். பி, சி வகை மஞ்சள் காமாலைக் கிருமிகளாலும், கல்லீரலில் கொழுப்பு சேர்வதாலும் கல்லீரல் சுருங்கலாம்.

கல்லீரல் நோயுள்ளவருக்கு மலச்சிக்கல், ரத்த வாந்தி, காய்ச்சல், தூக்க மாத்திரை, இவற்றில் ஏதாவது ஒன்றே இந்த மயக்கத்தைக் கொண்டு வந்துவிடும்.

சிகிச்சை என்ன? இங்கேதான் அதிசயம். மூளை குழம்பியவருக்கு டாக்டர் கொடுப்பது பேதி மருந்து! "லாக்டுலோஸ்" என்ற இனிப்பு மருந்து. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்று அமிலம் ஆக்கும். அந்த அமிலம் அமோனியாவைக் குடலிலேயே கட்டிப் போட்டு மலத்தோடு வெளியேற்றும். தேவைப்பட்டால் குடல் கிருமிகளைக் குறைக்கும் மாத்திரையும் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் தெளிவு திரும்பிவிடும். வயிறு சுத்தமாக, மூளை தெளிகிறது!

ஆகவே, கல்லீரல் நோய் உள்ள நண்பர் உளறினால், கதவைச் சாத்தாதீர்கள். டாக்சி பிடித்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கிருமியைக் குடித்த டாக்டர்

"அல்சர் சார். எல்லாம் கவலையால் வந்தது. மெஸ்ஸில் காரம் வேறு." ஆபீசில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

டாக்டர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருந்த ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் அதை மறுத்தார்கள். "இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாதான் காரணம்" என்றார்கள். யாரும் எளிதில் நம்பவில்லை. 1984-ல் டாக்டர் மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கிருமியை வளர்த்து, கலக்கி, தானே குடித்துவிட்டார்! சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை வெந்து போயிருந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே நாள்பட்ட வயிற்று வலியைக் "கவலைதான் காரணம்" என்று ஒதுக்கக் கூடாது. கிருமி இருக்கிறதா என்று பரிசோதனை செய்து, இரண்டு வார மருந்தில் குணப்படுத்த வழி இருக்கிறது. வலி மாத்திரையை அடிக்கடி விழுங்குவதாலும் புண் வரும். மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மலம் தார்போல் கறுப்பாகப் போனால், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

தண்ணீர் செய்த கொடுமை

கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூர். 2000-ம் ஆண்டு மே மாதம், பெருமழைக்குப் பின் குடிதண்ணீரில் சாணத்தில் இருந்த கிருமிகள் கலந்துவிட்டன. 7 பேர் இறந்தார்கள். சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. பேதி நின்ற பிறகும், பலருக்கு வயிற்று வலியும் மலம் ஒழுங்கில்லாமல் போவதும் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. டாக்டர்கள் 8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முன்பே மனக்கவலையோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை நீடிக்கும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. வயிறும் மனமும் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கின்றன!

மும்பை மழைக்காலத்தில், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது சிறிய வேலைதான். ஆனால் அதன் பலன் பெரியது.

கடைக்காரர் டாக்டர் அல்ல

வயிறு கலங்கினால் நாம் என்ன செய்கிறோம்? நேராக மெடிக்கல் ஷாப். "பேதிக்கு நாலு மாத்திரை கொடுங்க." கடைக்காரர் அட்டையில் கத்தரித்துக் கொடுக்கிறார். அதில் ஆன்டிபயாடிக்கும் இருக்கும். இரண்டு வேளை போட்டதும் பேதி நிற்கிறது. மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறோம்.

இது ஆபத்து. ஆன்டிபயாடிக் மருந்துக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் அவ்வளவாகத் தெரியாது. கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடியடி நடத்துவது போலத்தான். நல்லவையும் சாகும். அந்த இடம் நிரம்ப வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். தப்பிப் பிழைத்த கெட்ட கிருமிகளோ அடுத்த முறை மருந்துக்கு அடங்காது.

மருந்து அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். "டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே" என்று அதற்குப் பொருள். ஆன்டிபயாடிக் விஷயத்தில் இதை மக்களுக்கு உணர்த்த 2016-ல் மத்திய அரசு தனியாகப் பிரசாரமே தொடங்கியது. சாதாரண பேதிக்கு முதல் மருந்து உப்பு-சர்க்கரைக் கரைசல். ரத்தம் போனால், கடும் காய்ச்சல் இருந்தால், சிறுநீர் குறைந்தால் டாக்டரிடம் போங்கள். அவர் ஆன்டிபயாடிக் எழுதினால், சொன்ன நாள் வரை சரியாகச் சாப்பிடுங்கள்.

சாப்பாடு மாறினால்?

ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு நோய் உள்ள 67 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2017-ல் வெளியாயிற்று. பாதிப் பேருக்குக் காய்கறி, பழம், பயறு, கொட்டை, மீன் என்று சாப்பாட்டை மாற்றிக்கொள்ள உதவினார்கள். மீதிப் பேருக்குப் பேச்சுத்துணை மட்டும். 12 வாரம் கழித்து, சாப்பாட்டை மாற்றியவர்களில் 100-க்கு 32 பேருக்கு நோய் தணிந்தது. மற்றவர்களில் 100-க்கு 8 பேருக்கே தணிந்தது. சிறிய சோதனைதான். இதற்குப் பாக்டீரியாதான் காரணம் என்றும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

காலையில் டீயும் பிஸ்கட்டும், மத்தியானம் வடா பாவ், இரவு மெஸ்ஸில் வெள்ளைச் சோறும் குழம்பும் என்று ஓட்டினால் குடலில் இருக்கும் 38 லட்சம் கோடி பேரும் பட்டினி! அவர்களுக்கு வேண்டியது நார்ச்சத்து.

அதற்கு ஊருக்கு ஓட வேண்டியதில்லை. இங்கே கடையில் "பாஜ்ரா" என்று கேளுங்கள். அது நம்ம கம்பு. "ஜோவார்" என்றால் சோளம். "நாச்னி" என்றால் கேழ்வரகு. மராத்திக்காரர் சாப்பிடும் ஜோவார் பாக்ரி, நம் பாட்டி குத்திய அதே சோளம்தான்! முளைகட்டிய பயறில் செய்யும் உசல் விலை குறைவு, சத்து அதிகம். "பேரு" என்று கூவி விற்கிறார்களே, அதுதான் கொய்யாப்பழம். வறுத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி பையில் இருக்கட்டும். இவை பழகாத வயிறு முதலில் கொஞ்சம் ஊதும். சிறுகச் சிறுகக் கூட்டுங்கள்.

விடிகாலையில் தாராவியில் இருந்து இட்லிப் பாத்திரத்துடன் புறப்படும் நம் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாவைப் புளிக்க வைப்பதும் பாக்டீரியாதான். ஆவியில் வேகும்போது அது செத்துப் போகும். ஆனால் எளிதில் செரிக்கும் பக்குவத்தை மாவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாகிறது. உயிருள்ள பாக்டீரியா வேண்டும் என்றால் தயிர், மோர் இருக்கவே இருக்கிறது. இங்கே "தாக்" என்று கேட்டால் மோர் கிடைக்கும். நீராகாரத்திலும் அது உண்டு. ஆனால் சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். மறுநாள் காலையோடு முடித்துவிடுங்கள். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், "இனி மோர் போதும்" என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தயிர் மருந்து அல்ல, சாப்பாடு.

ஊரை விட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு வந்து, ஒற்றை அறையில் வாழ்கிறவர்களுக்கு மனம் சோர்வது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல எண்ணுக்குப் போன் செய்யலாம். இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை.

வயிற்றுப் பிழைப்புக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். பிழைப்பைப் பார்க்கிற அவசரத்தில் வயிற்றை மறந்துவிட்டோம்.

ஊரிலிருந்து அம்மா போன் செய்தால், முதல் கேள்வி என்ன? "சாப்பிட்டியாப்பா?" என்பதுதான். மனம் எப்படி இருக்கிறது என்று கேட்கிற கேள்வியும் அதுவேதான். இன்று ராத்திரி அதற்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள்.